பொறுமைக்குத் தவணை உண்டு

நிலாவெளியைத் தாண்டிக் களப்பும் கடலும் கைகோக்கும் இறக்கக்கண்டியில், கணவன் வெளிநாட்டில் இருக்க இங்கே விசாவுக்காகக் காத்திருக்கும் பெண் ஒருத்தி மனக்குறையை வாய்திறந்து சொன்னால், பெரும்பாலும் ஒரே மறுமொழிதான் கிடைக்கிறது: "ஸபுர் செய் மகள்." பக்கத்துத் தமிழ் ஊர்களில் இதுவே "பொறுமையா இரு பிள்ளை" ஆகிறது. சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். தாய் சொல்கிறாள், மாமி சொல்கிறாள், பள்ளிவாசல் பெரியவரும் கோயில் தலைவரும் சொல்கிறார்கள், விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் முகவர் சொல்கிறார். அக்கரையில் இருந்து அழைக்கும் கணவனும் அதையே சொல்கிறான்.

இந்த அறிவுரைக்குப் பின்னால் ஒரு முழு எண்ணப்போக்கு இருக்கிறது. உண்மையான கலியாணம் என்றால் விசா எப்படியும் வரும். காலம் இழுபட்டால் அது அன்புக்கான சோதனை. போலிக் கலியாணங்களைப் பிடிக்க அரசுகளுக்கு அவகாசம் வேண்டும். நம் பாட்டிமார் கடிதத்துக்கே மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், இப்போது வட்ஸ்அப் இருக்கிறதே! இதுதான் அந்த எண்ணப்போக்கு. இதில் ஒவ்வொரு வரியும் தவறு என்று நான் நம்புகிறேன். நல்ல மனத்தோடு சொல்லப்படுவதாலேயே இந்தத் தவறு எதிர்ப்பின்றி நிலைத்து நிற்கிறது. ஆகவே ஒவ்வொன்றாக எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

பாட்டிமாரிலிருந்து தொடங்குகிறேன். பிரிந்திருப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல என்பது உண்மை. மேற்கே தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் குழப்பும்போது நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் மீனவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அடித்துத் தொழில் செய்வார்கள். இங்கே வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் வாடியைப் பிரித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அவர்களுடைய மனைவிமாரும் காத்திருந்தார்கள்தான். ஆனால் அந்தக் காத்திருப்புக்கு எல்லை தெரிந்திருந்தது. காற்று மாறும், மனிதன் வருவான். கடல் யாரையாவது கொண்டுபோனாலும் அது ஊருக்கே தெரிந்த இழப்பாக இருந்தது, ஊரே கூடி அழுதது. விசாவுக்குக் காத்திருப்பவளுக்கு எந்தக் காற்று மாறினால் எது நடக்கும் என்று சொல்ல ஆளில்லை. அவளுடைய கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது, அதைத் திறப்பவர் யார், திறந்தாரா இல்லையா என்பதும் தெரியாது. தவணை தெரிந்த பிரிவும் தவணை தெரியாத பிரிவும் மனத்துக்கு ஒன்றல்ல. பாட்டிமாரை இங்கே சாட்சிக்கு அழைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் காண்பதேயில்லை.

இன்னும் பழையதை எடுத்துக்கொண்டாலும் அவர்களுக்கு ஆதரவு கிடைக்காது. தமிழ் மரபு காத்திருக்கும் பெண்ணைப் புகழ்ந்தது என்பார்கள். புகழ்ந்தது. ஆனால் முல்லைத் திணையில் தலைவி காத்திருப்பது தலைவன் குறித்துச் சொன்ன கார்காலத்துக்காக. அவன் சொன்ன பருவம் வந்தும் தேர் வரவில்லை என்றால் அவள் கேள்வி கேட்கிறாள், தோழி கேள்வி கேட்கிறாள். தொல்காப்பியத்தின் கற்பியல் என்ற பகுதி, தலைவன் பிரிந்திருப்பதற்குக் கால எல்லையே விதிக்கிறது: கல்விக்காகப் பிரிந்தால் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது; வேந்தன் பணிக்காகப் பிரிந்தால் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும்; பொருள் தேடும் பிரிவு போன்ற மற்றவையும் அவ்வாறே. கணவனைப் பிரித்துவைக்கும் காரணம் எவ்வளவு பெரிதானாலும் அதற்கு ஓர் அளவு வேண்டும் என்று இலக்கண நூலிலேயே எழுதிவைத்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் பெயரைச் சொல்லி ஐந்து ஆண்டு, பத்து ஆண்டுக் காத்திருப்பை நியாயப்படுத்துவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஸபுரைப் பேசுபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இரவில் நகரைச் சுற்றிவந்த கலீபா உமர் (ரலி) அவர்கள், போருக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் வீட்டுக்குள் வருந்திப் பாடியதைக் கேட்ட செய்தி, நம் பள்ளிவாசல்களில் எத்தனையோ முறை சொல்லப்பட்டதுதான். அவர் அந்தப் பெண்ணின் கதவைத் தட்டிப் பொறுமையைப் போதிக்கவில்லை. தம் மகள் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் போய், கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் தாங்குவாள் என்று கேட்டார். பதில் நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகளில் மாறி வரும். கிடைத்த பதிலை வைத்து, அதற்கு மேல் எந்தப் படைவீரனையும் எல்லையில் நிறுத்திவைக்கக் கூடாது என்று ஆணையிட்டார். அதாவது துயரம் கேட்டவுடன் அவர் மாற்றியது அந்தப் பெண்ணின் மனத்தை அல்ல, அரசின் விதியை. ஸபுரைப் பற்றிக் குத்பாப் பிரசங்கத்தில் பேசும்போது இந்தப் பாதியையும் சேர்த்துப் பேசினால் என்ன?

அடுத்தது, உண்மையான கலியாணம் என்றால் விசா வரும் என்ற நம்பிக்கை. இதைப் போல ஒரு பெண்ணைத் தனக்குள்ளேயே குற்றவாளியாக்கும் வாக்கியம் வேறில்லை. விசா வரவில்லை என்றால் எங்கள் கலியாணத்தில் ஏதோ குறை, நான் நேர்முகத்தில் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேன், போட்டோ போதாது, மாமி வீட்டுப் பக்கம் ஆட்கள் குறைவாக நின்றார்கள் என்று அவள் இரவுகளில் கணக்குப் பார்க்கிறாள். ஆனால் காத்திருப்பின் நீளத்தை முடிவுசெய்வது பெரும்பாலும் அவளுடைய கலியாணத்தின் உண்மை அல்ல. கணவன் எந்த நாட்டில், எந்த மாகாணத்தில், எந்த வதிவிட அட்டையோடு, எவ்வளவு சம்பளத்தோடு இருக்கிறான் என்பதுதான்.

கனடாவைப் பாருங்கள். மனைவியை ஸ்பொன்சர் செய்பவருக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான நிபந்தனை அங்கே இல்லை. ஏறத்தாழ ஓராண்டில் முடிவு தருவதை அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களம் நீண்டகாலமாக இலக்காக வைத்திருந்தது. ஆனால் ரொறன்ரோவில் இருக்கும் கணவனும் மொன்றியலில் இருக்கும் கணவனும் ஒரே சட்டத்தின் கீழ் இல்லை. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணம் குடும்ப இணைவுக்குத் தனக்கென்று வருடாந்த இலக்கு வைத்திருக்கிறது. 2024 ஜூன் 26 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மொத்தம் 13,000 விண்ணப்பங்களையே ஏற்பது என்று வரம்பு விதித்தது. அதில் துணைவருக்கும் பிள்ளைகளுக்குமான பங்கு 10,400. அந்தப் பங்கு 2025 கோடையிலேயே தீர்ந்துபோனது. அதற்குப் பின்னால் விண்ணப்பிக்க வந்தவரின் கோப்பைப் பிரித்துப் பார்க்கவும் ஆள் இருக்கவில்லை, அடுத்த ஆண்டு வரை நில் என்பதே பதிலாக இருந்தது. கியூபெக்கின் எல்லையாக ஓடும் ஒட்டாவா ஆற்றின் ஒரு கரையில் கணவன் குடியிருந்தால் ஒரு காலம், மறுகரையில் குடியிருந்தால் அதற்கு இரண்டு மூன்று மடங்கு காலம். இதில் எந்த அன்பு சோதிக்கப்படுகிறது?

பிரித்தானியா இன்னும் வெளிப்படையானது. 2012 ஜூலையில் மனைவியை அழைக்க ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் வேண்டும் என்றது. 2024 ஏப்ரல் 11 இல் அதை 29,000 ஆக்கியது. 38,700 வரை கொண்டுபோவதாகவும் அறிவித்திருந்தது; ஆட்சி மாறியபின் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. ஈஸ்ட்ஹாமில் கடையில் நிற்கும் ஒருவன் 2024 ஏப்ரல் 10 ஆம் திகதி விண்ணப்பித்திருந்தால் தகுதி உள்ள கணவன். 12 ஆம் திகதி விண்ணப்பித்தால் தகுதி இல்லாதவன். இரண்டு நாளில் அவன் மனைவிமேல் வைத்த அன்பு குறைந்துவிட்டதா? மனைவி இங்கே திருகோணமலையில் ஆசிரியையாகவோ தாதியாகவோ உழைக்கும் சம்பளம் அந்தக் கணக்கில் பொதுவாகச் சேராது. இதற்கு மேல் 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண். சுகாதார மேல்வரி ஆண்டுக்கு 1,035 வீதம் முதல் விசாக் காலத்துக்கு 3,105 பவுண். இரண்டையும் கூட்டினால் 5,000 பவுணைத் தாண்டும்; நம் பணத்தில் ஏறத்தாழ இருபது இலட்சம் ரூபாய். களப்பில் இறால் பிடித்தும் கரைவலை இழுத்தும் பிழைக்கும் குடும்பத்துக்கு அது எவ்வளவு என்று இறக்கக்கண்டியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சுவிஸைப் பற்றி நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே எஃப் அட்டை வைத்திருப்பவர், அதாவது தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவர், குடும்பத்தை அழைக்க மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும் என்பது சட்டம். டென்மார்க்கிலும் இப்படி ஒரு மூன்றாண்டு விதி இருந்தது. சிரியாவிலிருந்து போன ஒரு மருத்துவர், தன் மனைவியை அழைக்க விடாமல் தடுத்த அந்த விதியை எதிர்த்து ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2021 ஜூலை 9 இல் அந்த நீதிமன்றத்தின் பேராயம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது: ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் தனித்தனியே பாராமல் மூன்று ஆண்டு பொறு என்று எல்லோரையும் நிறுத்திவைப்பது குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறுவதாகும். அதற்கு அடுத்த ஆண்டு சுவிஸின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றமும் தன் நாட்டு மூன்றாண்டு விதியைக் கண்ணைமூடிக்கொண்டு பிரயோகிக்க முடியாது என்றது. அந்த மருத்துவரும் அவர் மனைவியும் பொறுமையாக இருந்திருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திருக்காது. இன்று எஃப் அட்டையோடு இருக்கும் எத்தனையோ ஈழத்துக் கணவன்மாருக்கு அந்தப் பொறுமையின்மை உதவுகிறது.

அவுஸ்திரேலியாவின் கதை கிழக்குக் கரைக்கு மிக நெருக்கமானது. 2012 இல் இந்தக் கரையிலிருந்து படகேறியவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு மீன்பிடிக் கிராமமும் தன் விரல்களில் எண்ணும். போய்ச் சேர்ந்தவர்களில் அகதி என்று ஏற்கப்பட்டவர்களுக்கும் தற்காலிகப் பாதுகாப்பு விசாதான் தரப்பட்டது. அந்த விசாவோடு மனைவியை ஸ்பொன்சர் செய்ய வழியே கிடையாது. 2023 பெப்ரவரியில்தான் அவ்வாறு இருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கான கதவு திறந்தது. அதற்குள் பத்து ஆண்டு போய்விட்டது. கைக்குழந்தையோடு நின்ற பெண்ணின் பிள்ளை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதி முடித்துவிட்டது. அந்தக் கதவும் எல்லோருக்கும் திறக்கவில்லை. அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட பல ஆயிரம் பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். இந்தப் பெண்களிடம் உண்மையான கலியாணம் என்றால் விசா வரும் என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது?

போலிக் கலியாணத்தைப் பிடிக்க வேண்டாமா என்ற கேள்வி வலுவானது, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. காசுக்காகப் பதிவு எழுதிக் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் பிரிந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். எந்த அரசும் அதைச் சோதிக்கலாம். ஆனால் சோதிப்பது வேறு, காக்கவைப்பது வேறு. கோப்பு அலுமாரியில் தூங்கும் இரண்டு வருடத்தில் எந்தப் போலியும் வெளிவருவதில்லை. அனுபவமுள்ள ஓர் அதிகாரி இருவரையும் தனித்தனியே இருத்திக் கேள்வி கேட்டால் அரைநாளில் நிறையத் தெரிந்துவிடும். காசுக்கு எழுதிய சோடிக்குக் காத்திருப்பு வலிக்காது. அவர்களுக்கு அது ஒரு கொடுக்கல் வாங்கல், தாமதித்தாலும் நட்டமில்லை. காத்திருப்பில் உடைவது உண்மையான சோடிதான். போலியை விட்டு உண்மையை வருத்தும் ஒன்றைச் சோதனை என்று எப்படிச் சொல்வது?

சரித்திரமும் இந்தச் சந்தேகக் கண் எங்கே போய் முடியும் என்று காட்டியிருக்கிறது. 1979 ஜனவரியில், மணமுடிக்கவென்று இந்தியாவிலிருந்து லண்டன் ஹீத்ரோவில் வந்திறங்கிய ஓர் ஆசிரியையைக் குடிவரவு அதிகாரிகள் கன்னிமைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். அவர் உண்மையில் மணப்பெண்தானா என்று அறிவதற்காம். செய்தி வெளிவந்து கண்டனம் எழுந்தபின் அது நிறுத்தப்பட்டது. அதன்பிறகு பல ஆண்டுகள், இந்தக் கலியாணத்தின் முதன்மை நோக்கம் பிரித்தானியாவுக்கு வருவது அல்ல என்று தம்பதியரே நிரூபிக்க வேண்டும் என்றொரு விதி இருந்தது. இல்லாத ஒன்றை எப்படி நிரூபிப்பது? தென்னாசியக் கணவன்மார் ஆயிரக்கணக்கில் அந்த விதியால் மறுக்கப்பட்டார்கள். 1997 இல் அது நீக்கப்பட்டது. நீக்கியதால் அந்த நாடு மூழ்கிவிடவில்லை. தவிர்க்க முடியாதது என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட விதி, கேள்வி கேட்டவர்களால் அடுத்த காலத்தில் இல்லாமல் போகிறது.

இதில் நம் பக்கத்துக் கடமையும் ஒன்று உண்டு: கலியாணப் பதிவைச் சரியாகச் செய்வது. பொறுமையைப் போதிக்கும் நேரத்தில் பெரியவர்கள் அதைச் செய்யலாம். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் நிக்காஹ் பதிவில் மணமகளின் கையெழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. வலி, அதாவது மணமகளின் பாதுகாவலர், ஒப்பமிட்டால் போதும். முஸ்லிம் பெண்கள் பல ஆண்டுகளாக இதை மாற்றக் கேட்டுவருகிறார்கள். தன் கலியாணப் பத்திரத்தில் தன் கையெழுத்தே இல்லாத பெண், அந்நிய நாட்டு அதிகாரியின் முன் தன் சம்மதத்தை வாயால் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதேபோல, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று தொலைபேசியில் நிக்காஹ் முடிப்பதும் நடக்கிறது. தொலைபேசி, இணையம், பிரதிநிதி மூலம் நடந்த கலியாணத்தைக் கனடா 2015 ஜூன் முதல் ஸ்பொன்சருக்கு ஏற்பதில்லை. இது தெரியாமல் எழுதிவிட்டுப் பிறகு ஆண்டுக்கணக்கில் அலைபவளிடம் ஸபுர் செய் என்பதைவிட, எழுதுவதற்கு முன்னே மாப்பிள்ளை நேரில் வரட்டும் என்று ஒருவர் உறுதியாகச் சொல்லியிருந்தால் அது பேருதவி.

இனி வட்ஸ்அப். முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறதே, இன்னும் என்ன வேண்டும் என்கிறார்கள். ரொறன்ரோ நமக்குக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் பின்னால் இருக்கிறது. அவன் இரவு வேலை முடித்துக் கண்சொருகி இருக்கும்போது இவள் மாலைச் சமையலில் நிற்கிறாள். பேச்சு பெரும்பாலும் காசு, கடிதம், கோப்பு என்றே போகிறது. சின்னச் சண்டை வந்தால் அதைத் தீர்க்கும் சாதாரண வழிகள் அங்கே இல்லை: தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க முடியாது, பேசாமல் பக்கத்தில் இருக்க முடியாது. தொடர்பைத் துண்டிப்பது மட்டும்தான் முடியும். பிள்ளைகள் விடயத்தில் இன்னும் கடினம். இங்கிலாந்தின் சிறுவர் ஆணையாளர் 2015 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, வருமான விதியால் பெற்றோரில் ஒருவரைப் பிரிந்து வாழும் பிள்ளைகள் ஏறத்தாழ 15,000 பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. திரையில் மட்டும் தகப்பனைக் காணும் இந்தக் குடும்பங்களை ஸ்கைப் குடும்பங்கள் என்றே அந்த நாட்டில் பெயரிட்டார்கள். பதற்றம், தூக்கமின்மை, பிரிந்த பெற்றோர்மேல் கோபம் என்று அந்தப் பிள்ளைகளிடம் காணப்பட்டவை நமக்கும் அந்நியமானவை அல்ல. 2017 பெப்ரவரியில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் வருமான விதியைக் கொள்கையளவில் ஏற்றாலும், பிள்ளைகளின் நலனை அது போதுமான அளவு கருதவில்லை என்று தீர்ப்பளித்தது. கைபேசி ஓர் உதவி. சேர்ந்து வாழ்வதற்கு அது ஈடு என்று நாம் ஏற்பது ஏன்?

வளைகுடாவுக்குப் போனவர்களின் மனைவிமார் இல்லையா, அவர்கள் முறைப்படுகிறார்களா என்றும் கேட்பார்கள். கத்தாரிலும் சவூதியிலும் குவைத்திலும் உழைக்கும் ஆண்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. அவர்களுக்குக் குடும்ப விசா என்பது சம்பளத்தால் அடைக்கப்பட்ட வாசல். 2024 ஜனவரியில் குவைத் அதை மீளத் திறந்தபோது மாதம் 800 தினாரும் பட்டப்படிப்பும் கேட்டது. சாரதிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் அது எட்டாது. ஒரு துன்பம் பழகிப்போய்விட்டது என்பது இன்னொரு துன்பத்துக்கு நியாயம் ஆகாது. வளைகுடா மனைவிமார் முறைப்படாமல் இருப்பது அவர்களுக்கு வலிக்கவில்லை என்பதாலா, கேட்க ஆளில்லை என்பதாலா என்று நாம் ஒருபோதும் விசாரித்ததில்லை. பெண் வெளிநாடு போவதென்றால் மட்டும் நம் அரசுக்குக் குடும்பம் நினைவுக்கு வந்தது: வீட்டுப்பணிக்குப் போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று 2013 இல் சுற்றறிக்கை போட்டது. ஆண் போய் ஆண்டுக்கணக்கில் வராவிட்டால் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கும் அறிக்கை எதுவும் இல்லை.

இந்த அறிவுரைமேல் எனக்குள்ள மிகப் பெரிய கோபம் இதற்கெல்லாம் அப்பாற்பட்டது. பொறுமையாக இரு என்பது நடைமுறையில் எதையும் தொடங்காதே என்றாகிவிடுகிறது. "இன்னும் கொஞ்ச நாளில போயிடுவாய், இப்ப என்னத்துக்கு கம்பஸ்?" "வேலைக்குச் சேர்ந்தா விசா வந்ததும் விடத்தானே வேணும்?" "அங்க போய்ப் பிள்ளை பெத்துக்கலாம்." இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்து, இருபத்து மூன்றில் பதிவு எழுதியவள் முப்பதிலும் அதே கதவருகே நிற்கிறாள். அவளோடு உயர்தரம் படித்தவள் இப்போது ஆசிரியை. கணவனுக்கோ அங்கே வாழ்க்கை நகர்கிறது: வேலை மாறுகிறான், மொழி படிக்கிறான், வீடு மாறுகிறான். உறைந்து நிற்பது இவள் மட்டும். நாளைக்குச் சேர்ந்து வாழ்ந்தாலும், ஏழு ஆண்டு முன்னே போனவனும் ஏழு ஆண்டு நின்ற இடத்திலேயே நின்றவளும்தான் சேர்வார்கள். அந்த இடைவெளியை எந்த முத்திரையும் நிரப்பாது.

காத்திருக்கும் காலம் சும்மாவும் கழிவதில்லை, காசையும் தின்கிறது. கனடாவுக்கான மருத்துவப் பரிசோதனை ஓராண்டுக்குத்தான் செல்லும். பிரித்தானியாவுக்கான காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதத்துக்கு. முடிவு தாமதித்தால் மறுபடியும் இரவு பஸ் ஏறி, ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்குப் போய், மறுபடியும் காசு கட்ட வேண்டும். 2024 இல் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து பத்தரமுல்லையில் ஆட்கள் விடியவிடிய வரிசையில் நின்றது நினைவிருக்கும்; அந்த வரிசையில் காலாவதியான கடவுச்சீட்டோடு நின்ற மனைவிமாரும் இருந்தார்கள். தாமதம் அரசுகளுடையது, செலவு குடும்பத்தினுடையது.

இந்தச் செலவுக்காக வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ துணியும் குடும்பங்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிழக்கில் வீடும் வளவும் பெண்ணுக்கு எழுதப்படுவது நம் முன்னோர் செய்த மிக நல்ல ஏற்பாடு. கணவன் அக்கரையில் இருக்கும் பெண்ணுக்கு அந்தக் கூரைதான் மானம், அதுதான் காவல். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. வீடு திரும்பவே திரும்பாது. தங்கத்தை அடகு வைக்கலாம், கணவன் அங்கே கடன் எடுக்கலாம். வீட்டில் கைவைக்க வேண்டாம்.

பொறுமை இல்லாமல் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் இருக்கிறது. பிரித்தானியாவோ ஜேர்மனியோ என்றால் அந்நாட்டு மொழியின் முதல் நிலைத் தேர்வு எப்படியும் வேண்டும். அதை இன்றே தொடங்கலாம், அதற்கு மேல் நிலைகளும் படிக்கலாம். வேலை கிடைத்தால் சேர வேண்டும். விசா வந்தால் விடலாம், வராவிட்டால் கையில் வருமானம் இருக்கும். பிள்ளை எப்போது என்பதைத் தம்பதியர் முடிவுசெய்யட்டும், கோப்பு முடிவுசெய்ய வேண்டாம். கணவன் ஆண்டுக்கு ஒரு தடவையாவது வந்துபோக வேண்டும். முடியாத நிலை என்றால், இலங்கைக்கு வர முடியாத அகதி என்றால், மனைவி போகக்கூடிய மூன்றாவது நாடொன்றில் சந்திக்கலாம். தான் வாழும் நாட்டில் கணவன் வாய் திறக்க வேண்டும்: தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம் ஊடாகக் கோப்பைப் பற்றி விசாரிக்கலாம், கனடாவில் அதிகாரியின் குறிப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம், நியாயமற்ற தாமதம் என்றால் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகலாம். பிரித்தானியாவில் மறுப்புக்கு எதிராகத் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு உண்டு. பொறுமையைப் போதிக்கும் முகவர் இவற்றில் எதையும் வாய்தவறியும் சொல்வதில்லை.

அழுவதும் தவறில்லை. நெய்தல் நிலத்துக்கு நம் முன்னோர் வகுத்த ஒழுக்கம் இரங்கல்; கடற்கரைப் பெண் தன் துயரைக் கடலும் கானலும் கேட்கச் சொன்னாள், அதை அவர்கள் பாட்டாக்கி வைத்தார்கள். வாயை மூடிக்கொள் என்று அவளிடம் சொல்லவில்லை. இன்று இறக்கக்கண்டியில் ஒரு பெண் தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்று சொன்னால் ஈமான் குறைவு என்றோ நன்றிகெட்டவள் என்றோ பார்க்கிறோம். அவள் மருத்துவரிடம் போனால் ஊர் கதைக்கிறது. ஒரே நிலையில் உள்ள நாலு பெண்கள் ஒரு பின்னேரம் கூடியிருந்து பேசினால், யாருடைய கோப்பு எங்கே நிற்கிறது, எந்தச் சான்றிதழ் எப்போது காலாவதி என்று பகிர்ந்துகொண்டால், அது எந்த மாத்திரையையும்விட உதவும்.

அரசுகளுக்கு எல்லை காக்கும் உரிமை இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். அந்த உரிமைக்கும் கால அளவு உண்டு என்பதை அரசுகளே ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 ஆம் ஆண்டுக் குடும்ப இணைவுப் பணிப்பாணை, விண்ணப்பித்த ஒன்பது மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும் என்கிறது. குடும்பத்தை அழைப்பதற்குமுன் அங்கே வாழ்ந்திருக்க வேண்டிய காலம் பொதுவாக இரண்டு ஆண்டை மீறக் கூடாது என்கிறது. அந்நியர் எழுதிய சட்டமே இரண்டு ஆண்டு என்று கோடு போட்டிருக்க, நம் பெண்ணுக்கு நாமே எல்லையில்லாப் பொறுமையை விதிப்பது எந்த நியாயம்?

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் கோயில் சபைகளிடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது இதுதான். வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பதிவு எழுதும் முன் அவனுடைய அட்டை என்ன, சம்பளம் என்ன, அந்த நாட்டின் இன்றைய காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு ஆண்டில் விசா வராவிட்டால் அவன் என்ன செய்வான், திரும்பி வருவானா, வேறு நாட்டுக்கு மாறுவானா, அவளை விடுவிப்பானா என்று சாட்சிகள் முன்னே கேளுங்கள். அவள் படிப்பையும் வேலையையும் நிறுத்தக் கூடாது என்று நிபந்தனை வையுங்கள். ஏற்கெனவே காத்திருப்பவள் உங்கள் வாசலுக்கு வந்தால், அவளுக்கு ஒரு கதிரை போட்டு, கோப்பு எண்ணைக் கேட்டு, கணவனுக்கு அழைப்பு எடுத்து, அவன் இந்த மாதம் என்ன செய்தான் என்று கேளுங்கள். பொறுமையை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அது அவளிடம் நம் எல்லோரையும்விட அதிகமாகவே இருக்கிறது.